அம்மாவுக்குத் தெரியாமல் பூட்டிய மெசேஜுகள்

வெள்ளவத்தை நெரிசலில் பஸ் நகரவே இல்லை. முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“அம்மா வாசிக்கக் கூடாதெண்டுதானே, அவரும் நானும் கதைச்ச மெசேஜெல்லாம் பூட்டச் சொன்னனான்? இப்ப அவர் என்னைக் கூப்பிடுற கனடா விசாவுக்கு, நாங்கள் உண்மையா விரும்பினதெண்டு காட்ட அதைத்தான் கேக்கிறாங்கள். திறந்து தா!”

“ஏலாதக்கா. கொம்பியூட்டரில பைதன் லைப்ரரி ஒண்டை வச்சு, ஆரும் வாசிக்க ஏலாத எழுத்தாக்கிப் பூட்டினனான். என்ர புரோகிராம் ஒவ்வொருமுறை ஓடேக்கையும் சாவி மாதிரிப் புதுத் திறப்பு ஒண்டு செய்து, பழசை அழிச்சுப்போட்டுது. பூட்டின அந்தப் பழைய திறப்பு இல்லாம ஆராலயும் திறக்க ஏலாது.”

“அவற்ற போனிலயும் ஒண்டும் மிச்சமில்லை. அப்ப நாங்கள் விரும்பினதுக்கு என்ன ஆதாரம்?”

அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அம்மாட்டக் கேள். நீ பூட்டச் சொல்ல முதலே, பெரியம்மாவுக்குக் காட்டவெண்டு எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சிருக்கிறா.”