தோல் உரிக்காத புழுக்கள்

மதியச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட நினைப்பது பேராசை இல்லையே.

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் புழு வளர்த்தேன். அந்துப்பூச்சியாக மாறும் விரல் தடிமன் புழுக்கள். கேட்பவரைப் பொறுத்து முழங்கை தடிமன் என்றும் சொல்வேன். யார் வந்து அளக்கப் போகிறார்கள். தின்னும், கழியும், சில நாளுக்கொரு முறை தோலை உரிக்கும். பிசுபிசுவென்று சுருண்டு கிடக்கும் அந்தத் தோல்களை வழித்து அள்ளுவது என் வேலை. நகக்கண்ணிலிருந்து வாடை போகாது. எத்தனை நாள் டிபன் பாக்ஸைத் திறந்து குமட்டிக்கொண்டு மூடியிருக்கிறேன்.

அப்போதுதான் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய ஒரு பெண் வந்தாள். தோல் உரிக்கவைக்கும் ஹார்மோன், புழுவின் மார்புப் பக்கச் சுரப்பியில் உண்டாகிறது. அந்தச் சுரப்பியின் செல்லுக்குள்ளே நுண்குழாய்களாலான எலும்புக்கூடு ஒன்று உண்டாம். அதைக் கலைத்தால் ஹார்மோன் குறையுமா என்பது அவள் கேள்வி. கலைக்க ஒரு மருந்தும் வைத்திருந்தாள். சுரப்பிகளை வெட்டியெடுத்து, பாதிக்கு மருந்து போட்டு, பாதிக்குப் போடாமல் ஒப்பிடுவாள்.

“அது போச்சுன்னா தோலே உரிக்காதாம்மா?”

“அப்படித்தான் நினைக்கிறேண்ணே. நிரூபிச்சிட்டா முதல் நன்றி உங்களுக்குத்தான்.”

“நன்றியெல்லாம் எதுக்கு? மூக்குக்கு ஒரு துணி வாங்கிக் குடு.”

நிரூபிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. மொத்தப் புழுக்களின் தீவனத்திலும் அந்த மருந்தைக் கலந்தேன். தோல்கள் குறைந்தன. சில புழுக்கள் பாதி உரித்த தோலுக்குள் மாட்டி, தலை வெடித்துச் சீழாய் வழிந்தன. அவற்றைக் காகிதத்தில் சுருட்டி எறிந்துவிட்டு வயிறாரச் சாப்பிட்டேன்.

அவள் சுரப்பி எடுத்ததும் அதே புழுக்களிலிருந்துதான். மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் ஹார்மோன் ஒரே அளவுக்குக் குறைவு. செல் எலும்புக்கூட்டுக்கு இதில் பங்கே இல்லை என்று எழுதிவிட்டாள். வேறொரு கூடத்தில் செய்து பார்த்தார்கள், நேர்மாறாக வந்தது. விசாரணை வைத்தார்கள்.

“அண்ணே, தீவனத்துல ஏதாவது மாத்தினீங்களா? யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. என் அஞ்சு வருஷம் போயிடும்.”

குழுவின் முன்னால் சொன்னேன்: “தீவனம் சுத்தம் சார். இந்தப் பொண்ணுதான் பிடிக்காத கணக்கையெல்லாம் கிழிச்சுப் போடும். நானே கூடை கூடையா அள்ளியிருக்கேன்.”

ஒரு துண்டுக் காகிதம்கூட அள்ளியதில்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் சுபாவம். அவளுக்குப் பட்டம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது எங்கள் தெரு மருந்துக்கடையில் நிற்கிறாள். என் மூட்டுவலி மாத்திரையை எண்ணிக் கொடுத்து, “சாப்பிட்டுட்டுப் போடுங்கண்ணே” என்கிறாள். வருடக்கணக்கில் புழுவை அறுத்த கை. வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை நன்றாகக் கழுவிய பிறகே விழுங்குகிறேன். சுத்தத்தில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.