பூனை படுத்த ஏலக்காய்

போடிநாயக்கனூரிலிருந்து மதுரை செல்லும் புகைவண்டியில் அமர்ந்து, திருப்பதிகம் ஒன்றை மனத்துள் ஓதிக்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் ஏலக்காய் மூட்டையை அணைத்தபடி ஒரு மலைத்தோட்டக்காரர் இருந்தார். அவரிடம், பக்கத்தில் அமர்ந்திருந்த அவருடைய மைத்துனர் கூறிய சொல் என் ஓதலை நிறுத்திற்று.

"மச்சான், பூனை நாத்தம் அடிக்கிற காயைப் போடியில ஒரு யாவாரியும் தொடலை. மதுரை யாவாரிக்கு மட்டும் மூக்கு இல்லாமப் போச்சா?"

"எலிக்காகத்தானே மாப்ளே பூனைகளை வளத்தேன்."

"எலியாவது தின்னுட்டுப் போயிரும். ஒங்க ஆறு மகாராணிகளும் காயை உலத்துற சூட்டறைக்குள்ள புகுந்து, காய் மேலயே பிள்ளை பெத்திருக்குதுக! அக்கா சொல்லலையா?"

"சொன்னா. மலைக்குளிருல அதுக வேற எங்க போகும், பாவம்? ஆறும் என் கால்மாட்டுல சுருண்டு படுத்தா எனக்குக் கம்பளியே வேண்டாம்."

"இந்த மூட்டையும் விலை போகலைன்னா வீட்டுல ஒலை எப்படிக் கொதிக்கும்? திரும்பிப் போனதும் வெரசா அதுகளை வெளிய தள்ளிக் கதவைச் சாத்துங்க."

தோட்டக்காரர் நெடுநேரம் ஆழ்ந்து சிந்தித்தார். பின்னர், குடும்பப் பொறுப்பை உணர்ந்தவரின் குரலில் விடையளித்தார்.

"அதுகளுக்கு அந்த அறை பழகிப்போச்சு மாப்ளே. ஏலக்காய்க்குத்தான் வேற அறை கட்டணும்."