கண்ணை மூடினால் கிள்ளு

பகலில் கண்ணயரும் பெரியவர்களை எழுப்புவது சரியா, பாவமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உக்கடத்திலிருந்து உடுமலைப்பேட்டை போகும் பஸ்ஸில், தூங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் ஒரு வயதான கணவன் மனைவி.

"ஏனுங்க, கண்ண மூடுனீங்கன்னா மறுபடியும் கிள்ளிப்போடுவேன்" என்றார் அந்த அம்மா.

"பஸ்ஸுல தூங்கறதுமா தப்பு, அம்மணி?"

"பகல்ல தூங்குனா ராத்திரி தூக்கம் வராது, ராத்திரி தூங்காட்டி உடம்புல தெம்பு நிக்காதுன்னு இப்பத்தானுங்க டாக்டர் சொன்னாரு? அன்னைக்கு ராத்திரி வரப்புல உழுந்தது மறந்துபோச்சுங்களா?"

"கரண்டு வந்துருச்சான்னு பாத்து மோட்டார் போடப் போனேன்."

"அதுக்குத்தான் பையன் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுட்டானே. இன்னும் நீங்க எதுக்குங்க எந்திரிக்கோணும்?"

"மோட்டாரு தானா ஓடப் பழகிருச்சு. எனக்குத் தானாத் தூங்கப் பழகலையே."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"பேத்தி கல்யாணத்துக்கு நடந்து வருவீங்களா, தூக்கிட்டு வரோணுமா?" என்று இன்னொரு கிள்ளு விழுந்தது.

பொள்ளாச்சி தாண்டியபோது, கிள்ளிய அம்மாவே அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் இறங்க வேண்டிய ஊரைச் சொல்லிக் கண்டக்டர் கத்தினார்.

பெரியவர் கையை உயர்த்தினார். "மெதுவாப் பேசு கண்ணு. நான் உழுந்துபோடுவேன்னு இவ ராத்திரியெல்லாம் முழிச்சே கெடந்தா. உடுமலைக்கு ரெண்டு டிக்கெட் குடு, திரும்பி வந்துக்கறோம்."

என் மாமனாரும் மதியமெல்லாம் தூங்குகிறார். நடை தளர்ந்துகொண்டே வருகிறது. மருமகள் கிள்ள முடியாது. மனம் நோகாமல் அவரை எப்படி எழுப்புவது, தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.