டிபன் பாக்ஸில் வந்த பயணி

பஸ்ஸில் புழுவைக் காட்டிக் குதித்த ஆளை நேற்றுத்தான் பார்த்தேன். ஆம்பூரில் ஏறிய விவசாயி அவர். என் முன்சீட்டில் இருந்த பெண், மண் ஆராய்ச்சி செய்பவர்.

"மேடம், உங்களப் பாக்கத்தான் வர்றேன்! மண்புழு வந்துடுச்சு!"

டிபன் பாக்ஸைத் திறந்தார். ஈர மண்ணில் ஒன்று நெளிந்தது.

"எங்க எடுத்தீங்கண்ணா?"

"தோல் பதப்படுத்தற டேனரி தண்ணி பாஞ்சு செத்துப்போச்சே, அந்த நெலத்துலதான். நீங்க கிருமி வுட்ட மூலையில."

"அந்தக் கிருமி உங்க மண்ணுலயே இருந்ததுதாண்ணா. வெல்லத்தண்ணி ஊத்திப் பெருக்குனேன். அது டேனரி தண்ணியில இருந்த குரோமியத்தோட விஷத்த அடக்கிடுச்சு."

"இதுல இன்னா உசுரு இருக்கப்போவுதுன்னு அன்னிக்கி உங்களக் கிண்டல் பண்ணேனே!"

அந்தப் பெண் பாக்ஸை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

கண்டக்டர் விவசாயியிடம் வந்தார். "வேலூர் எத்தினி?"

"ரெண்டு குடுப்பா. எனக்கொண்ணு, அந்த டப்பாவுல இருக்கறவருக்கொண்ணு."