மௌனம் கூடாது என்றொரு கட்டுரை

காளிகாட்டில் மெட்ரோ ஏறிய தமிழ்த் தம்பதி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் வாசிக்கவிருந்த கட்டுரையைக் கணவர் மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

"'அநியாயத்தைக் கண்டு வாய் திறக்காத எழுத்தாளன் செத்தவன்.' எப்படி இருக்கு?"

"பிரமாதம். நேத்து மாடி வீட்டு பெங்காலிக்காரர் தன் வீட்டு வேலைக்கார மாஷியைக் கைநீட்டி அடிச்சாரே, அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"இதைத்தான் எழுதிட்டிருந்தேன்."

"கதவைச் சாத்திக்கிட்டு."

"அந்தச் சத்தத்துல எழுத ஓடலையே."

"நான்தானே மேல போய்ச் சண்டை போட்டு, அவளைக் கூட்டிட்டு வந்தேன்?"

"அதையும் கடைசிப் பக்கத்துல சேர்த்துட்டேன்."

"நான் போய்க் கேட்டதாவா?"

அவர் காகிதத்தை மடித்தார்.

"இல்ல, நானே போய்க் கேட்ட மாதிரி. படிக்கிறப்ப அதான் எடுப்பா இருந்தது."

"ரொம்ப நல்லது. கூட்டத்துக்கு மாஷியையும் அழைச்சுட்டு வரேன். கேள்வி கேக்க விடுவாங்கல்ல?"