முறுக்கு டப்பாவில் ரெண்டு பக்கம்

— அளவு ஜாக்கெட்டு கொண்டாந்தியா தரணி?

— ஜாக்கெட்டு தெக்க வரல பெரிம்மா. ஒரு லெட்டர் படிச்சுக் காட்டணும். தமிழ்ல இருக்கு.

— ஏன், நீ படிக்க மாட்டியா? பி.டெக் முடிச்சிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போறவ, புத்தூர்ல ஜாக்கெட்டு தெக்கிறவகிட்ட வந்து லெட்டர நீட்டற.

— எனக்குத் தமிழ் படிக்க வராது.

— த்தோ, வெளையாடாத. உங்கம்மா இந்த மெஷினுக்கு எதுத்தாப்புல உக்காந்துக்கினு எத்தினி வாட்டி சொல்லியிருக்கா. ‘தேனு, எம்பொண்ணு ஸ்கூல்ல தெலுங்கும் இங்கிலீஷும் படிக்கிறா, தமிழ அவளாவே கத்துக்கினா’ன்னு.

— அது வந்து... சின்னப் புள்ளையில வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தா அம்மா வெரல் வெச்சிப் படிக்கும். நான் அத மனசுல வெச்சிக்கினு மறுநாள் எடுத்துப் படிக்கிற மாதிரியே சொல்லுவேன். அம்மாவுக்கு அவ்ளோ சந்தோசம். தெருவெல்லாம் சொல்லிடுச்சி. அப்பறம் எப்படி இல்லன்னு சொல்றது?

— இத்தினி வருசமாவா சொல்லல?

— ஏமோ பெரிம்மா, தெரியல. சொல்லணும்னுதான் இருந்தேன். அம்மா மூஞ்சப் பாத்தா வராது.

— உன்ன மொதல்ல தமிழ் ஸ்கூல்லதான் சேத்தா உங்கம்மா செல்வி. நானும் அவளும் அஞ்சாவது வரைக்கும் படிச்ச ஸ்கூலு. ஒரு வாரம் போன. அதுக்குள்ள உங்க நைனா வந்து, ‘தமிழ் படிச்சிட்டு இந்த ஆந்திராவுல எந்த ஆபீஸ் வாசல்ல நிக்கப் போறா’ன்னு சத்தம் போட்டு டிசி வாங்கிக்கினு போயிட்டாரு. அவர் செஞ்சது தப்புன்னும் சொல்ல வரல எனக்கு. எம்புள்ளைய தமிழ்லயேதான் படிக்க வெச்சேன். சூளூர்பேட்டைல ஓட்டல்ல டேபிள் தொடைக்கிறான். சரி அத வுடு. லெட்டர் யாரு எழுதினது?

— அம்மா.

— என்னடி சொல்ற. ஆடியில போய்ச் சேந்தவ...

— இப்ப எழுதினது இல்ல பெரிம்மா. போன வருசம் பொங்கலுக்கு. பரீட்சைன்னு நான் ஊருக்கு வரல. திருப்பதிக்கு வேலைக்கு வர்ற பக்கத்து வீட்டு சுனில்கிட்ட முறுக்கு டப்பா குடுத்தனுப்புச்சி. அதுக்கு அடியில கவர்ல போட்டு வெச்சிருந்துது.

— போன வருசம் வந்த லெட்டர இப்பதான் எடுக்கறியா?

— டப்பா வந்தா எப்பவும் ஒரு சீட்டு இருக்கும். ஒண்ணு, ரெண்டு வரி. நல்லா துன்னு, எண்ண தேச்சிக் குளின்னு இருக்கும்னு நெனச்சிக்குவேன். எடுத்து பெட்டியில போட்டுடுவேன். நேத்து திருப்பதி ஹாஸ்டல காலி பண்றப்ப எல்லாத்தையும் பிரிச்சிப் பாத்தேன். இது மட்டும் ரெண்டு பக்கம் இருக்கு பெரிம்மா.

— அப்பவே யாரையாவது கேட்டிருக்கலாமே. ஹாஸ்டல்ல தமிழ்ப் புள்ளைங்களே இல்லியா?

— இருந்தாங்க. நான்தான் அவங்களோட சேரல. தமிழ் பேசறவங்கள அங்க ‘அரவோள்ளு’ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. எங்க வீட்டுல தெலுங்குதான்னு நான் சொல்லி வெச்சிருந்தேன். அம்மா போன் பண்ணா மொட்ட மாடிக்குப் போயிதான் பேசுவேன். அப்படி இருந்துட்டு, தமிழ் லெட்டர எடுத்துக்கினு யார்கிட்ட போயி நிக்கிறது?

— போன்ல போட்டோ புடிச்சா அதுவே படிக்கும்னு எம்புள்ள சொல்றான்.

— நேத்து பண்ணிப் பாத்தேன். அச்சு எழுத்துன்னா படிக்குது. அம்மா கையெழுத்து அதுக்குப் புரியல.

— சரி, குடு. அந்தக் கண்ணாடிய எடு. கத்திரிக்கோலு பக்கத்துல பாரு... ‘அன்புள்ள மகள் தரணிக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் நைனாவும் நலம். உன் நலம் அறிய ஆசை. முறுக்கில் காரம் குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் கொடு.’

— ம். அப்பறம்?

— அப்பறம் என்ன. நல்லா படி, ஒடம்பப் பாத்துக்கன்னு எழுதியிருக்கா. தாய் மனசு. அவ்ளோதான்.

— ரெண்டாவது பக்கம் பெரிம்மா?

— அதுலயும் அதேதான்.

— கண்ணு மட்டும் ஓடுது, வாய் பேசல. எனக்கு எழுத்துதான் தெரியாது பெரிம்மா. நீங்க மறைக்கிறது தெரியுது.

— நாளைக்கு பெங்களூருக்குப் போறவ. இது எதுக்குடி உனக்கு? இங்கயே வெச்சிட்டுப் போ. நான் அடுப்புல போட்டுடறேன்.

— அம்மா எனக்கு எழுதினது. படிங்க.

— அப்பறம் என்னக் குத்தம் சொல்லாத.

— சொல்ல மாட்டேன்.

— ‘தரணி, அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. ஐப்பசியில் கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. இப்போது பெரிதாகிவிட்டது. வலி இல்லை. ஆனால் பயமாக இருக்கிறது. நைனாவிடம் சொல்லவில்லை. சொன்னால் செலவுக்கு பயந்து உன் படிப்பை நிறுத்திவிடுவார். இன்னும் ஒண்ணரை வருஷம்தானே.’

— போன வருசம் பொங்கலுக்கேவா?

— நமக்கெல்லாம் இந்த சித்திரையிலதானடி தெரிஞ்சிது. களத்துல மயங்கி வுழுந்தாளே, அப்பறம்தான.

— ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தா பொழைக்க வெச்சிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் அம்மாவத் திட்டினேன் பெரிம்மா. படுத்துக்கினு இருந்தவங்கள, வாயில்லையா உனக்கு, எங்கிட்டயாவது சொல்லக் கூடாதான்னு திட்டினேன்.

— அவ என்ன சொன்னா?

— செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சி. மேல படிங்க.

— வேணாம் தரணி.

— படிங்க.

— ‘வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத் திருப்பதிக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் புத்தூர் பஸ் நிற்கும் இடத்தில் பத்து மணிக்கு நிற்பேன். நீ வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. எனக்குத் தெரிந்தது சந்தையில் பேசுகிற தெலுங்கு. இதை டாக்டரிடம் அதில் எப்படிச் சொல்வது. நீ பக்கத்தில் இருந்து சொன்னால் போதும். போனில் இதைப் பேசாதே. போன் நைனா கையில் இருக்கும். அவர் கொடுக்கும்போது, படிச்சிட்டேன் என்று மட்டும் சொல். நீ வருவாய் என்று எனக்குப் புரிந்துவிடும்.’

— அதோட முடிஞ்சிதா?

— முடிஞ்சிது. தரணி... அந்த வாரம் அவகிட்ட போன்ல பேசினியா?

— பேசினேன். டப்பாவுல லெட்டர் வெச்சேனேன்னு கேட்டுச்சி.

— நீ என்ன சொன்ன?

— எப்பவும் சொல்றதுதான். படிச்சிட்டேம்மான்னு சொன்னேன்.

— அட கடவுளே.

— மறுபடியும் கேட்டுச்சி. ‘முழுசா படிச்சியா’ன்னு. முழுசாதாம்மா, எத்தினி வாட்டி கேப்பன்னு எரிஞ்சி வுழுந்தேன்.

— அந்த ஞாயித்துக்கெழம எனக்கு நல்லா ஞாபகம் இருக்குடி. சாய்ந்தரம் பஸ்ஸ வுட்டு எறங்கி நேரா இங்கதான் வந்தா. காலு ரெண்டும் வீங்கிக் கெடந்துது. தண்ணி வாங்கிக் குடிச்சா. கோயில்ல கூட்டமாடின்னு கேட்டேன். ‘கோயிலுக்குப் போகல தேனு, எம்பொண்ணப் பாத்துட்டு வந்தேன்’னா. ‘பாவம், பரீட்சைக்கு நடுவுல ஓடியாந்து, எங்கூட உக்காந்து சோறு துன்னுட்டுப் போனா’ன்னா. நீ போயிப் பாத்தன்னுதான் நான் இத்தினி நாளும் நெனச்சிக்கினு இருக்கேன்.

— நான் போகல பெரிம்மா.

— அதான் இப்பத் தெரியுதே. அழாத. நீ வேணும்னா செஞ்ச? உனக்கு எழுத்து தெரியாதுன்னு அவளுக்குத் தெரியாது. அவ நிக்கிறது உனக்குத் தெரியாது. ஒரு போன் பண்ணியிருந்தான்னா...

— பண்ணுச்சி. அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு, யாரோட போனோ வாங்கி, ‘எங்க இருக்க தரணி’ன்னு கேட்டுச்சி. ஃப்ரெண்ட்ஸோட சினிமாவுக்கு வந்திருக்கேன், அப்பறம் பேசறேன்னேன். ‘படம் நல்லா இருக்குதா’ன்னு கேட்டுட்டு வெச்சிடுச்சி.