மலையேறின கப்பல்

களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள்.

“மாமி, எங்கட கப்பல் மலையேறினது,” என்றாள் இளையவள்.

“கப்பல் எப்பிடிப் புள்ள மலையேறும்?”

“மலைக்குக் குறுக்க போற கால்வாயில படிபடியாப் பெரிய தொட்டிகள் கட்டியிருக்கு. கப்பல் உள்ள போனதும் பின்கதவப் பூட்டிப்போட்டு, மேல இருக்கிற தண்ணியத் திறந்துவிடுவாங்க. தண்ணி ஏற ஏறக் கப்பலும் ஏறும். மேல்மட்டத்துக்கு வந்ததும் முன்கதவத் திறப்பாங்க. அடுத்த தொட்டிக்குள்ள போறதுதான்.”

“ஆர் ஓட்டினது?”

“நான்தான் சுக்கான் பிடிச்சன். ரெண்டு பக்கமும் ஒரு முழந்தான் இடம். சுவரில முட்டவேயில்ல, மாமி!”



“உன்னக் கப்பலுக்கு அனுப்பவேணாமெண்டு உன்ட அப்பாவோட சண்டை பிடிச்சவள் நான்,” என்றார் மாமி.

பிறகு எழுந்து நின்று, பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: “இவள் என்ட மருமகள். கப்பல் ஓட்டுறவள்!”